மணிக்கணக்கும் சுற்றுக்கணக்கும்

1988 ஏப்ரல் 28, பிற்பகல். ஹவாய்த் தீவுகளில் ஹீலோ நகரத்திலிருந்து ஹோனலூலுவுக்குக் கிளம்பிய அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தை எட்டிய நேரத்தில், காக்பிட்டுக்குப் பின்னால் கூரையும் பக்கச்சுவரும் ஐந்தரை மீட்டர் நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயின. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். முன்வரிசைகளில் இருந்தவர்களின் தலைக்கு மேல் கூரையே இல்லை. கேப்டன் ராபர்ட் ஷார்ன்ஸ்தைமரும் துணை விமானி மேடலின் டாம்ப்கின்ஸும் அந்த நிலையிலேயே விமானத்தை மௌயி தீவுக்குக் கொண்டுபோய், 13 நிமிடங்களில் கஹுலூயி நிலையத்தில் இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 95 பேரில் 94 பேர் உயிர் தப்பினார்கள்.

அந்த விமானம் 1969இல் செய்யப்பட்டது. அதுவரை அது பறந்த நேரம் மொத்தம் 35,496 மணி. கண்டம் விட்டுக் கண்டம் போகும் விமானங்கள் பத்து ஆண்டு முடிவதற்குள்ளேயே இந்த எண்ணைத் தாண்டிவிடும். ஆனால் அதன் பதிவேட்டில் இன்னோர் எண்ணும் இருந்தது: 89,680. அத்தனை முறை அது மேலே ஏறிக் கீழே இறங்கியிருந்தது. வகுத்துப் பார்த்தால், ஒரு பயணத்துக்குச் சராசரி 24 நிமிடம்கூட வராது.

உயரே காற்று மெலிந்திருக்கும். உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட வேண்டுமானால் கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் விமானத்தின் உடல் இம்மியளவு உப்புகிறது. இறங்கும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் அது முறிந்துவிடும் அல்லவா? அதுபோல, தகடுகளை இணைக்கும் ரிவெட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் தோன்றி, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. தகட்டு இணைப்புகளில் ஒட்டு விட்டுப்போயிருந்ததும், தீவுகளின் உப்புக்காற்று அரித்ததும் விரிசலை வேகப்படுத்தின. பத்து மணி நேரம் தொடர்ந்து பறக்கும் விமானம் ஒருமுறைதான் உப்பிச் சுருங்குகிறது. அதே பத்து மணியில் தீவு விட்டுத் தீவு பறக்கும் விமானம் இருபது முறைக்கு மேல் உப்பிச் சுருங்கும். அதனால்தான் விமானத்தின் வயதை அளக்க மணிக்கணக்கு மட்டும் போதாது, சுற்றுக்கணக்கும் வேண்டும்.

விமானத்தை ஓட்டுகிற மனிதரையும் இப்படி இரண்டு கணக்கில்தான் அளக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. நீண்ட தூரம் பறப்பவர் அதிகம் களைப்பார், அருகிலுள்ள ஊருக்குப் பறப்பவருக்கு வேலை எளிது என்று பயணிகளில் பலர் எண்ணுகிறோம். தூரம் களைப்பை அளக்கும் அளவுகோல் அல்ல. எத்தனை மணி நேரம் என்பதோடு எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று கேட்க வேண்டும். உலோகத்துக்கு இல்லாத மூன்றாவது கேள்வி ஒன்றும் மனிதருக்கு உண்டு: அந்த வேலை அவருடைய இரவில் நடந்ததா, பகலில் நடந்ததா?

நான்கு செக்டர் நாள்

சென்னையிலிருந்து பெங்களூரு போய்த் திரும்பி, பிறகு மதுரை போய்த் திரும்பும் ஒரு குழுவின் நாளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பயணத் துண்டையும் விமானிகள் செக்டர் என்பார்கள். இது நான்கு செக்டர் நாள். காற்றில் இருக்கும் நேரத்தைக் கூட்டினால் நான்கு மணியை ஒட்டித்தான் வரும். பணிநேரமோ அதைப்போல் இரண்டு மடங்கு.

மீதி நேரம் எங்கே போகிறது? தரையில் போகிறது. இறங்கி, பயணிகளை இறக்கி, அடுத்தவர்களை ஏற்றி, மீண்டும் கிளம்ப அரை மணி நேரம் கிடைக்கும். அதற்குள் ஒரு விமானி கீழே இறங்கி விமானத்தைச் சுற்றி வந்து, டயர், பிரேக், என்ஜினின் வாய், இறக்கையின் விளிம்பு எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கிறார். மற்றவர் அடுத்த ஊரின் வானிலையைப் படிக்கிறார். எரிபொருள் அளவைத் தீர்மானிக்கிறார். பயணிகளும் சரக்கும் எங்கே எவ்வளவு எடை என்று காட்டும் லோட் ஷீட்டை வாங்குகிறார். இந்த எடைக்கு, இந்த வெயிலுக்கு, இந்த நீள ஓடுபாதைக்கு எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும், எந்த வேகம் வரை ஓட்டத்தை நிறுத்த முடியும் என்று கணக்கிட்டுக் கணினியில் ஏற்றுகிறார். ஒருவர் ஏற்றியதை மற்றவர் சரிபார்க்கிறார். ஒரு நாளில் இதை நான்கு முறை, நான்கு வெவ்வேறு எண்களோடு செய்ய வேண்டும். காலையில் போட்ட எண்ணை மாலையில் பழக்கத்தால் போட்டுவிடக் கூடாது. களைத்த மூளை தவறுகிற இடம் இதுதான்.

தரையை ஒட்டிப் பறக்கும் நிமிடங்களும் முழுக் கவனத்தைக் கேட்பவை. 1974இல் அமெரிக்காவின் ஷார்லட் நகரத்தில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஓடுபாதையை அடைவதற்கு முன்பே தரையில் மோதியது. இறங்கும் நேரத்தில் காக்பிட்டில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு ஓடிக்கொண்டிருந்ததை ஒலிப்பதிவு காட்டியது. அது போன்ற விபத்துகளுக்குப் பிறகு 1981இல் அமெரிக்கா ஒரு விதி செய்தது: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையான பேச்சும் செயலும் மட்டுமே காக்பிட்டில் இருக்க வேண்டும். இன்று உலகம் முழுவதும் இந்தப் பழக்கம் உண்டு.

விதியின் காரணத்தைப் போயிங் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்துத் தொகுப்பில் பார்க்கலாம். ஓடுபாதையை நோக்கிய கடைசி அணுகலும் தரையிறக்கமும் பயண நேரத்தில் ஏறத்தாழ 4 சதவீதம்தான். உயிர்ச்சேத விபத்துகளில் ஏறத்தாழ பாதி அந்தச் சில நிமிடங்களில் நடக்கின்றன. 10,000 அடிக்குக் கீழே ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் பெங்களூரு விமானத்துக்கும் நியூயார்க் விமானத்துக்கும் பெரிதாக மாறாது. சுமார் 20 நிமிடம். பெங்களூரு போகிறவருக்கு அது பயணத்தில் பாதியை நெருங்குகிறது. மேலே போய் மூச்சு வாங்குவதற்குள் இறங்குவதற்கான தயாரிப்பு தொடங்கிவிடும். நெடுந்தூர விமானிக்கு மாதத்தில் சில முறை வரும் அந்த 20 நிமிடம், குறுந்தூர விமானிக்கு ஒரே நாளில் நான்கு முறை வருகிறது.

பதினெட்டு மணி நேரம்

இப்போது மறுகோடிக்குப் போவோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிங்கப்பூருக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கும் இடையே நிற்காமல் பறக்கிறது. தூரம் 15,300 கிலோமீட்டரை ஒட்டியது. பறக்கும் நேரம் 18 மணி நேரத்துக்கு மேல். இதற்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருளைத் தாங்கும். அந்த எரிபொருளின் எடை சுமார் 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடையே 280 டன்தான். டாங்குகள் நிறைந்து கிளம்பும் நாளில் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது வெறும் எரிபொருள். பதினைந்தாவது மணி நேரத்தில் எரிக்கப்போகும் எண்ணெயைப் பதினான்கு மணி நேரம் சுமப்பதற்கே எண்ணெய் எரிகிறது. அதனால் இருக்கைகளைக் குறைத்து, 161 பயணிகளோடு பறக்கிறார்கள்.

கனத்த விமானத்தால் தொடக்கத்தில் அதிக உயரம் போக முடியாது. முதல் சில மணி நேரம் 30,000 அடியை ஒட்டிப் பறந்து, எண்ணெய் குறையக் குறையப் படிப்படியாக 40,000 அடி அளவுக்கு ஏறுகிறது. எப்போது அடுத்த படி ஏறுவது, அந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எதிர்பார்த்ததைவிட எத்தனை கிலோ அதிகம் எரிந்திருக்கிறது என்பதை விமானிகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு என்ஜின் நின்றால் எந்த ஊருக்குப் போவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு விடை கையில் இருக்க வேண்டும். ஏ350 ஒற்றை என்ஜினில் 370 நிமிடம் வரை பறந்து ஒரு நிலையத்தை அடையலாம் என்று சான்று பெற்ற விமானம். அந்த நிலையத்தில் பனிப்புயல் அடிக்கிறதா, ஓடுபாதை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது விமானியின் வேலை.

இந்த வேலையை இருவரால் செய்து முடிக்க முடியாது. நான்கு விமானிகள் போகிறார்கள். இருவர் ஓட்ட, இருவர் விமானிகளுக்கென்று ஒதுக்கிய சிறு அறையில் படுக்கிறார்கள். முறைவைத்து மாறுகிறார்கள். படுக்கை உண்டு, இருட்டு உண்டு. ஆனாலும் அது வீட்டுத் தூக்கம் ஆகாது. கேபினின் காற்று பாலைவனக் காற்றைப் போல உலர்ந்தது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். என்ஜின் ஒலி ஓய்வதில்லை. காற்று குலுக்கும்போதெல்லாம் தூக்கம் கலையும்.

உயரத்துக்கு வேறொரு விலையும் உண்டு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தடுக்கும் வளிமண்டலம் அங்கே மெல்லியது. துருவத்தை ஒட்டிய பாதைகளில் பூமியின் காந்தப்புலம் தரும் காப்பும் குறைவு. விமானப் பணியாளர்கள் சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிசீவர்ட் அளவில் கூடுதல் கதிர்வீச்சு பெறுகிறார்கள். நாம் எல்லோரும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயல்பாகப் பெறும் 2.4 மில்லிசீவர்ட்டுக்கு மேல் இது. உயரத்தில் அதிக நேரம் தங்கும் நெடுந்தூர விமானிகளுக்கே இதில் பெரும்பங்கு.

பழக்கம் விட்டுப்போகும் கைகள்

நெடுந்தூர விமானிக்கு மணிகள் சேர்கின்றன, சுற்றுகள் சேர்வதில்லை. நான்கு பேர் போகும் பயணத்தில் ஒருவர்தான் விமானத்தை இறக்க முடியும். மாதத்துக்கு மூன்று, நான்கு பயணம் போகும் ஒருவருக்குத் தன் கையால் இறக்கும் வாய்ப்பு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது உலக விதி. குறுந்தூர விமானி இதை ஒரே நாளில் முடித்துவிடுவார். நெடுந்தூர விமானிகள் சிலர் இந்த மூன்றை நிறைவு செய்யவே சிமுலேட்டருக்குப் போக வேண்டியிருக்கிறது.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் ஃபிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேரும் இறந்தார்கள். மூன்று விமானிகள் கொண்ட குழு அது. கேப்டன் ஓய்வுக்குப் போயிருந்தார். வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்ததும் ஆட்டோபைலட் தன்னைத்தானே விடுவித்துக்கொண்டது. அந்த நள்ளிரவில், 35,000 அடி உயரத்தில், விமானம் சட்டென்று மனிதக் கைக்கு வந்தது. மெலிந்த காற்றில் விமானம் கைக்கு வேறுவிதமாகப் பணியும். சிறு அசைவும் பெரிதாகிவிடும். மூக்கு மேலே இழுக்கப்பட்டது, இறக்கைகள் தாங்கும் திறனை இழந்தன, நான்கரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்த உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி அவர்களுக்குத் தரப்பட்டிருக்கவில்லை என்று பிரான்ஸின் விசாரணை அமைப்பான பிஇஏ குறிப்பிட்டது. அதன்பின் பல நாடுகளில் அந்தப் பயிற்சி பாடத்திட்டத்தில் சேர்ந்தது.

நீண்ட அமைதிக்கு நடுவே திடீரென்று வரும் சில நொடிகளுக்குத் தயாராக இருப்பது நெடுந்தூரப் பறத்தலின் கடினமான பகுதி. குறுந்தூர விமானியின் கைகள் நாள்தோறும் பழகுகின்றன. அவருக்கு அமைதியான நேரமே வாய்ப்பதில்லை.

மூளைக்குள் ஒரு கடிகாரம்

கண்களிலிருந்து வரும் நரம்புகள் மூளையின் அடியில் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். உடல் வெப்பம், தூக்க ஹார்மோனான மெலட்டோனினின் சுரப்பு, விழிப்பு எல்லாம் அதன் தாளத்தில் ஏறி இறங்குகின்றன. உயிரணுக்களுக்குள் இந்தத் தாளத்தை உண்டாக்கும் மரபணுக்களைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை இந்தக் கடிகாரம் உடலை மிகத் தாழ்ந்த நிலையில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் விழித்திருப்பவரின் கவனமும் முடிவெடுக்கும் வேகமும் குறையும். இதைப் பழக்கத்தாலோ மனஉறுதியாலோ மாற்ற முடியாது. வெளிச்சம்தான் கடிகாரத்தை நகர்த்தும். அதுவும் மெதுவாக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில்.

வெளிச்சமே படாமல் விட்டால் மனிதக் கடிகாரம் எவ்வளவு நேரத்தில் ஒரு நாளை முடிக்கும்? ஹார்வர்டில் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று காட்டியது. நம் உடல் நாளைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளவே விரும்புகிறது. அதனால்தான் நாள் நீளும் மேற்குத் திசைப் பயணம் எளிதாகவும், நாள் சுருங்கும் கிழக்குத் திசைப் பயணம் கடினமாகவும் இருக்கிறது.

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே 12 அல்லது 13 மணி நேர வித்தியாசம். பகல் முழுதாக இரவாகிறது. இதைச் சரிக்கட்ட உடலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். விமானி அங்கே தங்குவது சில இரவுகள்தான். உள்ளூர் நேரத்துக்குப் பாதி பழகியதும் திரும்ப வேண்டும். அதனால் பலர் பழகவே முயல்வதில்லை. சொந்த ஊரில் இரவாக இருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரமாவது கட்டாயம் தூங்கி, மீதித் தூக்கத்தைக் கிடைக்கும்போது எடுத்துக்கொள்கிறார்கள். ஹோட்டல் அறையின் கனத்த திரைகள் அவர்களுக்குத் தொழிற்கருவி.

கடிகாரத்தோடு இன்னொரு விசையும் சேர்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் தூக்க அழுத்தத்தைக் கூட்டுகிறது. அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வது இதன் ஒரு பகுதி. காபி அதன் வாசலை மறைக்கிறதே தவிர அதை நீக்குவதில்லை. சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் இந்த இரண்டு விசைகளையும் சேர்த்துத் தூக்கத்துக்கு ஒரு மாதிரியை முன்வைத்தார். விமானிகளின் பணி அட்டவணையான ரோஸ்டரைச் சோதிக்கும் இன்றைய கணினி மாதிரிகள் பலவற்றுக்கும் அதுவே அடித்தளம்.

கோகலாவிலிருந்து சிட்னிக்கு

மிக நீண்ட பறத்தல் ஜெட் காலத்தில் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையேயான வான்வழி அறுந்தது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலீனா என்ற நீர்விமானங்களைப் பெர்த்திலிருந்து இலங்கையின் காலிக்கு அருகேயுள்ள கோகலா ஏரி வரை நிற்காமல் ஓட்டியது. 5,600 கிலோமீட்டருக்கும் அதிகமான இந்தியப் பெருங்கடல். குறைந்தது 27 மணி நேரம். சில பயணங்கள் 32 மணி நேரத்தையும் தாண்டின. எதிரி கண்டுபிடிக்காமலிருக்க வானொலி மௌனம். வழிகாட்ட விண்மீன்கள். எடைக் கட்டுப்பாட்டால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. அவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்தார்கள். 271 முறை அந்தக் கடலைக் கடந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்த நினைவில் குவாண்டாஸ் தன் புதிய திட்டத்துக்குப் ‘புராஜெக்ட் சன்ரைஸ்’ என்று பெயர் வைத்தது. சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிற்காமல் பறப்பது அதன் நோக்கம். 2019 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 49 பேருடன் ஒரு போயிங் 787 சோதனையாகப் பறந்தது. 19 மணி 16 நிமிடம் ஆனது. விமானிகள் மூளை அலைகளை அளக்கும் கருவியை அணிந்திருந்தார்கள். அவர்களின் மெலட்டோனின் அளவும் சோதிக்கப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கு முன் விமானம் தாங்குமா என்பது கேள்வி. இன்று விமானம் தாங்கும் என்று தெரியும். மனிதர் எப்படித் தாங்குவார் என்பதை அளக்கிறோம்.

அதிகாலை மூன்று மணி

குறுந்தூர விமானி தன் நேர மண்டலத்தை விட்டு வெளியே போவதில்லை. இரவு பெரும்பாலும் வீட்டில்தான். அவருக்குத் தூக்கம் எங்கே குறைகிறது?

காலை 5.30 மணி விமானத்தை ஓட்டுபவர் 3 மணிக்கு முன்பே எழ வேண்டும். எட்டு மணி நேரம் தூங்க மாலை 7 மணிக்குப் படுக்க வேண்டும். படுத்தாலும் தூக்கம் வராது. வழக்கமாகத் தூங்கப் போவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடல் கடிகாரம் விழிப்பை மிக உறுதியாகப் பிடித்து வைத்திருக்கும். எனவே அவர் பத்து மணிக்குத் தூங்கி, ஐந்து மணி நேரத்துக்குள் எழுகிறார். இது ஒரு நாளோடு முடிந்தால் ஈடுகட்டலாம். ரோஸ்டரில் அடுத்தடுத்து நான்கைந்து அதிகாலைகள் வருவதுண்டு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிஞ்சஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதன் ஆபத்தைக் காட்டியது. இரண்டு வாரம் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு வரை தூங்காதவர்களின் அளவுக்கு வீழ்ந்தது. அவர்களுக்கோ அது தெரியவில்லை. கொஞ்சம் தூக்கக் கலக்கம் என்று மட்டுமே உணர்ந்தார்கள். தன் களைப்பை அளக்கும் திறனையே களைப்பு முதலில் பறித்துக்கொள்கிறது.

2008 பிப்ரவரி 13 அன்று ஹோனலூலுவிலிருந்து ஹீலோவுக்கு ஒரு சிறிய ஜெட் விமானம் போனது. அலோஹா விமானம் கூரையை இழந்த அதே வழித்தடம். நேரம் காலை 9 மணிக்கு மேல். வானம் நன்றாக இருந்தது. பயணம் முக்கால் மணி நேரம்தான். ‘கோ!’ என்ற நிறுவனத்தின் அந்த விமானத்தில் 40 பயணிகள் இருந்தார்கள். கட்டுப்பாட்டு நிலையம் 18 நிமிடம் அழைத்தும் பதில் இல்லை. விமானம் 21,000 அடி உயரத்திலேயே ஹீலோவைக் கடந்து கடலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. விமானிகள் இருவருமே தூங்கிப்போயிருந்தார்கள். பிறகு விழித்து, திரும்பி வந்து, பத்திரமாக இறக்கினார்கள். கேப்டனுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் இருந்தது. அதுவரை யாரும் கண்டறிந்திருக்கவில்லை. அதோடு அடுத்தடுத்த நாட்களின் அதிகாலைப் பணிகளையும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகக் காட்டியது. பட்டப்பகல், குறுகிய பயணம், பழகிய பாதை எல்லாம் இருந்தும் தூக்கக் கடன் வசூலுக்கு வந்துவிட்டது.

மங்களூரு

மூன்று கணக்குகளும் மோசமாகச் சந்திக்கும் இடம், இரவில் போய் இரவிலேயே திரும்பும் பயணம். வளைகுடா நாடுகளுக்கும் தென்னிந்திய நகரங்களுக்கும் இடையே இது அன்றாடம். ஒரு பக்கம் மூன்று அல்லது நான்கு மணி நேரம் என்பதால் நெடுந்தூரமாகக் கருதப்படுவதில்லை. கூடுதல் விமானி கிடையாது, படுக்கை கிடையாது. திரும்பி இறங்கும் நேரமோ, உடல் மிகத் தாழ்ந்திருக்கும் விடியற்காலை.

2010 மே 22 காலை 6 மணியைத் தாண்டிய சில நிமிடங்களில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 மங்களூருவின் மேட்டு ஓடுபாதையில் நெடுந்தூரம் தள்ளி இறங்கி, முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு மங்களூருவிலிருந்து கிளம்பிய அதே குழுதான் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேரக் காக்பிட் ஒலிப்பதிவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேப்டன் தூங்கியது பதிவாகியிருந்தது. இறங்கும் நிலை சரியில்லை, மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் இறக்கம் தொடர்ந்தது. நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்ததும் மூளை முழுதாகத் தெளியாத நிலையை விசாரணைக் குழு ஒரு காரணியாகச் சொன்னது.

ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவரின் மூளை சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரம் வரை மந்தமாகவே இருக்கும். அதற்காகக் காக்பிட்டில் கண்ணயர்வதே தவறு என்று முடிவுகட்டக் கூடாது. 1994இல் நாசா வெளியிட்ட ஆய்வில், பசிபிக்கைக் கடக்கும் 747 விமானிகளுக்கு முறைவைத்து 40 நிமிட ஓய்வு தரப்பட்டது. அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். பிறகு அவர்களின் செயல்திறனும் விழிப்பும், ஓய்வு தரப்படாதவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தன. ஓய்வு தரப்படாதவர்களின் மூளையோ, இறங்கும் நேரத்திலும் தங்களை அறியாமல் சில நொடிகள் தூக்கத்துக்குள் நழுவியது. நேரம் குறித்து, மற்றவரிடம் சொல்லி, இறங்குவதற்கு வெகு முன்பே எழும் சிறு தூக்கம் காப்பாற்றும். ஐரோப்பாவும் கனடாவும் அதைக் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கின்றன. திட்டமிடாமல் நீளும் தூக்கம்தான் ஆபத்து.

கணக்கை யார் போடுவது?

பணிநேர விதிகள் நீண்ட காலம் மணியை மட்டுமே எண்ணின. இன்று மற்ற இரண்டு கணக்குகளும் நுழைந்துவிட்டன. ஐரோப்பிய விதியின் அடிப்படை அட்டவணைப்படி, காலை 6 மணிக்கும் பிற்பகல் 1.30 மணிக்கும் இடையே பணி தொடங்கும் இரு விமானிகள் ஒன்று அல்லது இரண்டு செக்டருக்கு 13 மணி நேரம் வரை பணியாற்றலாம். மூன்றாவது செக்டரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கழியும். மாலை 5 மணிக்குப் பிறகு தொடங்கினால் 11 மணி நேரம்தான். சுற்றையும் இரவையும் ஒரே அட்டவணையில் சேர்த்த கணக்கு இது.

இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த புதிய விதிகள் 2025இல் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவு என்பது நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை என்றிருந்தது 6 மணி வரை நீண்டது. இரவுப் பணியில் ஆறு முறை வரை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. டிசம்பர் முதல் வாரத்தில், போதிய விமானிகளை ஏற்பாடு செய்யாமலிருந்த இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. சென்னை உட்பட எல்லாப் பெருநகர நிலையங்களிலும் மக்கள் தவித்தார்கள். அந்நிறுவனத்துக்குச் சில இரவு விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு தரப்பட்டது.

அந்த நாட்களில் பலரும் புதிய விதிமேல் கோபப்பட்டார்கள். கோபம் புரிகிறது, பிழை விதியில் இல்லை. மங்களூருவில் உயிர்கள் போனதும், ஹீலோவைத் தாண்டிய விமானம் நல்வாய்ப்பால் திரும்பியதும், ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருவதும் ஒன்றையே காட்டுகின்றன: மனித உடலுக்கு இரவும் சுற்றும் கணக்கில் உண்டு. ரோஸ்டர் போடுபவர் எண்ணாவிட்டாலும் உடல் எண்ணிக்கொண்டே இருக்கிறது.

விதிகள் எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரவெல்லாம் விழித்திருந்த விமானி, ரோஸ்டரின்படி போதிய ஓய்வெடுத்தவர்தான். ‘இன்று பறக்கும் நிலையில் நான் இல்லை’ என்று அவர் சொல்லும்போது சம்பளத்துக்கோ பதவி உயர்வுக்கோ கேடு வராது என்ற உறுதியை நிறுவனமும், அந்த உறுதியைக் காக்கும் பலத்தை அரசும் தர வேண்டும். பயணிகளுக்கும் இதில் பங்குண்டு. விமானி ஓய்வெடுப்பதற்காக ஒரு பயணம் தாமதமானால், அது எரிபொருள் நிரப்பக் காத்திருப்பதற்கு நிகரான பாதுகாப்பு வேலை என்று நாம் ஏற்க வேண்டும். ஓய்வுக்குப் போதுமான விமானிகளை வேலைக்கு வைத்துக்கொள்ளப் பணம் செலவாகும். நாம் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும், அது ஒரு மணி நேரப் பயணத்துக்கானாலும் பதினெட்டு மணி நேரப் பயணத்துக்கானாலும், அந்தச் செலவு சேர்ந்தே இருக்க வேண்டும்.